சிவப்பு உல்லன் வலை

நைனா,

நீ பின்னிய வலை என் மடியில் கிடக்கிறது. இதை வலை என்று சொன்னால் பழவேற்காட்டு ஏரியில் தொழில் செய்கிற உன் சொந்தக்காரர்கள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். தலைக்குட்டை என்று சொன்னால் தையல் டீச்சர்கள் ஊசியோடு வருவார்கள். ரெண்டிலும் சேராமல், உலகத்தில் வேறு எவனும் செய்யாத, இனிமேல் எவனும் செய்யத் துணியாத ஒரு பொருள். சிவப்பு உல்லன் நூல், மூன்று முனை, ஒவ்வொரு கண்ணியிலும் என் கட்டைவிரல் தாராளமாகப் போய் வருகிறது.

முகர்ந்து பார்த்தேன். மேலே அந்துருண்டை வாசனை. அதற்கு அடியில் இறால் வாசனை, குத்துக்கல் மாதிரி அப்படியே இருக்கிறது. உன் காரியம் முடிந்து திரும்பும்போது இதைப் பையில் போட்டுக்கொண்டு கும்முடிப்பூண்டியிலிருந்து செவ்வாப்பேட்டைக்கு வந்தேன். வழியில் இருந்த பூனைகள் அத்தனையும் ஊர்வலமாகப் பின்னால் வந்தன, ரயில்வே கேட்டை மூடிவிட்டு அவற்றுக்கு வழி விட்டார்கள் என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டாள். நீ இருந்தால் முழுக்கக் கேட்டிருப்பாய். கேட்டுவிட்டு, "மச்சான் பேச்சுல தண்ணிய வடிச்சிட்டா கொஞ்சம் சோறு தேறும்" என்று சொல்லியிருப்பாய்.

இந்த மடலில் தண்ணீர் குறைவு. உனக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. நீ போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நீ ஒருத்தன்தான், நீயோ போன ஐப்பசி மழையில் கிளம்பிவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்முடிப்பூண்டியில் அடித்த வெயில் உனக்கு ஞாபகம் இருக்கும். பறந்துகொண்டிருக்கிற காக்கா பாதி வழியில் வறுவலாகி விழும், கீழே இருப்பவன் உப்பு தூவித் தின்னலாம். அப்பேர்ப்பட்ட ஊரில் குளிரில் பல் கிட்டிப்போன ஆட்கள் நாம்தான். ரயில் பாதையை ஒட்டி அந்த ஐஸ் கம்பெனி, அதன் பின்பக்கம் இறாலை உறைய வைக்கிற குளிர் ரூம். வெளியே நெருப்பு, உள்ளே இமயமலை, நடுவில் ஒரு மரக்கதவு. நீயும் நானும் ஐஸ் பாளம் தள்ளினோம். ஒரு நாளைக்கு நான் தள்ளிய ஐஸை அடுக்கினால் திருத்தணி மலை அளவுக்கு வரும் என்று நான் சொல்வதை மேஸ்திரி ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

கதவுக்குப் பக்கத்தில் நீளமான தகரம் போட்ட மேசை. அங்கே பெண்கள் நின்றுகொண்டு இறாலைத் தட்டில் அடுக்கி உள்ளே கொடுக்க வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் காற்று நேராக முகத்தில் அறையும். அந்த மேசையில் உன் பெண்டாட்டியும் நின்றாள். என்னை "அண்ணா" என்று கூப்பிட்டதால் அவள் எனக்குத் தங்கச்சி ஆனாள். அதனால் நான் உனக்கு மச்சான், பிற்பாடு உன் பிள்ளைகளுக்கு மாமா. அதிலிருந்து கம்பெனிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மாமா. ஒரு வார்த்தையில் இத்தனை பட்டம் வாங்கிய ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான்.

உங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட சமயம், அவளுக்குக் காதுக்குள் குத்துவலி ஆரம்பித்தது. தலையைச் சாய்த்துக் கையால் பொத்திக்கொண்டு இறால் அடுக்கினாள். முந்தானையைச் சுற்றிக்கொண்டால் அது ஈரமாகி அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டது. நீ அவளை வேலையை விடச் சொன்னாய். அவள் மாட்டேன் என்றாள். ஊத்துக்கோட்டைப் பக்கம் அவளுடைய அம்மா வீட்டில் உலை ஏறியது அவள் கூலியில்தான். டாக்டரிடம் போகலாம் என்றாய், அதற்கும் மாட்டேன் என்றாள். விஷயம் மேஸ்திரி காதுக்குப் போனால் மறுநாளே நிறுத்திவிடுவான். முன்னால் ஒருத்திக்குச் சளி பிடித்தபோது, "ஒடம்பு சரியில்லாத ஆளுக்கு இது ஆஸ்பத்திரி இல்ல" என்று சொல்லி அனுப்பினவன்தானே.

அப்போதுதான் நீ அந்தச் சரித்திரப் புகழ் பெற்ற முடிவுக்கு வந்தாய். நாஷ்டா நேரத்தில், ஐஸ் உடைக்கிற மிஷினுக்குப் பின்னால், பையிலிருந்து சிவப்பு உல்லன் நூல் உருண்டையை எடுத்தாய். காதை மூடி, தாடைக்குக் கீழே முடி போட்டுக்கொள்கிற மாதிரி மூணு மூலைத் துணி ஒன்று பின்னப் போவதாகச் சொன்னாய். பின்னத் தெரியுமா என்று கேட்டேன். என்னை நீ பார்த்த பார்வை. பாட்டன் காலத்திலிருந்து வலை பின்னுகிற வம்சம், என்னைப் பார்த்தா கேட்கிறாய் என்று.

"பின்றது எல்லாம் ஒண்ணுதான் மச்சான். வலைக்கு நைலான், தலைக்கு உல்லன். அவ்ளோதான்."

இடுப்பிலிருந்து மூங்கில் ஊசியை உருவினாய். அடுத்த கணம் உன் விரல்கள் ஓடியதை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். ஒரு கண்ணியில் ஆரம்பித்து, வரிசைக்கு வரிசை ஓரத்தில் கண்ணி கூட்டி, ஒவ்வொன்றுக்கும் முடிச்சுப் போட்டு இறுக்கினாய். பாதியிலேயே நான் சொன்னேன், ஓட்டை ஓட்டையாக வருகிறதே என்று. விரிய விரிய அழகு என்றாய். பொங்கலுக்கு முன்னால் முடித்துவிட்டாய். கெட்டியான முடிச்சு, ஒரே அளவுக் கண்ணி, எந்தப் பக்கம் இழுத்தாலும் கோணல் இல்லை. கடலில் போட்டிருந்தால் ஒரு கண்டம் பெயர்ந்து வந்திருக்கும். குளிரை மட்டும் அது பிடிக்காது.

அவள் தலையில் கட்டிக்கொண்டு மேசைக்கு வந்தபோது பெண்கள் எல்லாம் இறாலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மேஸ்திரி வந்து, "இன்னாம்மா, மடவை மீனு எதுனா மாட்டிச்சா" என்று கேட்டான். அவள் மட்டும் சிரிக்கவில்லை, கழற்றவும் இல்லை. அன்றைக்குச் சாயந்திரம் கவனித்தேன், வலையை நாலாக மடித்து ஒரு பக்கக் காதில் வைத்து, அதன்மேல் முந்தானையைக் கட்டியிருந்தாள். உன் மனசு நோகக் கூடாது என்று செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நூலைப் பிரித்து மறுபடி ஒழுங்காகப் பின்னலாம் என்று பார்த்தாய். உல்லனில் நீ போட்ட முடிச்சை அவிழ்க்கப் பரலோகத்திலிருந்து ஆள் வர வேண்டும். ஈரத்தில் ஒவ்வொரு முடிச்சும் ஒட்டி இறுகிப் புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டது. சரி, புதிதாக நீல நூல் நான் வாங்கி வருகிறேன் என்றேன். அதற்கு முன்னால் யாரிடமாவது போய்க் கற்றுக்கொள் என்றும் சொன்னேன்.

மாதா கோயிலுக்குப் பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்திய தையல் வகுப்பு. ஆம்பிளைகளுக்கு இடம் இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நீ ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாய். நான் உன்னை உள்ளே இருந்த டீச்சருக்கு அறிமுகம் செய்துவைத்தேன்: ஏழு கடலிலும் வலை வீசிய மாமேதை, தற்சமயம் ஒரு தலைக்குட்டை விஷயமாகத் தங்கள் சமூகத்துக்கு வந்திருக்கிறார். டீச்சர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, நீ கொஞ்சம் தள்ளி நில் என்றார். உன்னிடம் மட்டும் ஜன்னல் கம்பி வழியாகக் கொக்கி ஊசியை நீட்டினார்.

முனையில் நாலு சங்கிலி போட்டு ஆரம்பிக்க வேண்டும், வரிசைக்கு வரிசை ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதுவரைக்கும் உனக்குப் புரிந்தது. பிறகு நீ கேட்டாய், முடிச்சு எங்கே போடுவது என்று.

"முடிச்சே கெடையாதுப்பா. வளையத்துக்குள்ள வளையத்த இழுக்கணும். அவ்ளோதான்."

"முடிச்சு இல்லாம எப்டி டீச்சர் நிக்கும்? ஒரு நண்டு கடிச்சா மொத்தமும் அவுந்துடுமே."

"உன் சம்சாரம் தலைல நண்டு ஓடுதா?"

வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. முடிச்சுப் போடாமல் உன் கை அடங்கவே இல்லை. ரெண்டு வளையம் இழுத்ததும் மூன்றாவதில் தானாக ஒரு முடிச்சு விழும், டீச்சர் பிரிப்பார், நீ மறுபடி இழுப்பாய். வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் அந்த ஜன்னலில் போய் நின்றாய். எந்த வரிசையில் நிறுத்த வேண்டும் என்று ஒருநாள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் உனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. முனையிலிருந்து வளர்கிற முக்கோணத்தை எங்கே நிறுத்தினாலும் முக்கோணம்தான், தலைக்குப் போதும் என்று தோன்றும்போது நிறுத்து என்றார். வலையில் அப்படி இல்லை மச்சான், அளவுக்கு ஒரு முழம் குறைந்தாலும் அது வலையே இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய்.

மாசி பாதியில் நீலத் தலைக்குட்டை முடிந்தது. மெத்தென்று, நெருக்கமாக, ஒரு ஓட்டைகூடத் தெரியாமல். அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மிஷின்கள் நின்று கம்பெனி முழுக்க அப்படியொரு அமைதி. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான். அவளைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நீயே தலையில் போட்டு, தாடைக்குக் கீழே கட்டிவிட்டாய். பிறகு அவள் இடது பக்கம் குனிந்து, எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டாய். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி கேட்டாய். துணியை லேசாக விலக்கி, இன்னும் கிட்டத்தில் போய், அவள் பெயரைச் சொன்னாய். அவள் ஐஸ் பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ அவளைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாய்.

"குளிரு தாங்குதா?"

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அடுப்பாண்ட ஒக்காந்த மாதிரி கீதுய்யா."

உன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அதை எப்படிச் சொன்னாலும் மிகையாகாது, அதனால் சொல்லாமல் விடுகிறேன்.

மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கார்த்திகைலயே இத பின்னியிருந்தா அந்தக் காது பொழச்சிருக்கும் மச்சான். பெரிய இவன் மாதிரி வலைய பின்னிக்கினு கெடந்தேன். அந்த ஓட்டை வழியாவே போயிடுச்சு."

அப்படி இல்லை, குளிருக்கு வலையும் துணியும் தெரியுமா என்று என்னவோ உளறினேன். நீ கேட்கவில்லை. அவளிடம் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கினாய். என்னிடம் போய் ரகசியத்தைக் கொடுத்தாயே, நைனா. மெட்ராஸ் ரேடியோ ஸ்டேஷனை மூடிவிட்டு என் வாயில் ஒரு கம்பம் நட்டால் போதும் என்று நீயே கேலி செய்தவன். ஆனால் அதை மட்டும் நான் எங்கேயும் கொட்டவில்லை.

அதற்குப் பிறகு நீலக் குட்டை அவளுக்கு இன்னொரு வேலையும் செய்தது. மேஸ்திரி இடது பக்கத்திலிருந்து கத்துவான், இவள் திரும்ப மாட்டாள். அவன் முன்னால் வந்து குதித்தால், "காதை மூடிக்கினு கீறேன் சார், கேக்கல" என்பாள். அதோடு முடிந்தது. அந்த மனுஷன் கடைசி வரைக்கும் குட்டையைத்தான் திட்டினான்.

நீ நிறுத்தவில்லை. மேசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்திக்கும் பின்னினாய். பச்சை, மஞ்சள், ஊதா. அந்த மேசையைத் தூரத்தில் இருந்து பார்த்தால் கப்பல்கள் கொடி கட்டிக்கொண்டு நிற்கிற துறைமுகம் மாதிரி இருக்கும். உன்னைத் தங்கமான ஆள் என்று அவர்கள் சொன்னார்கள். பொம்பளை வேலை செய்கிறான் என்று ஆண்கள் சிரித்தார்கள். யாருக்கும் தெரியாது, நீ கட்டிக்கொண்டிருந்தது அபராதம் என்று. மற்றவர்கள் காதாவது இருக்கட்டும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாய்.

அன்றிலிருந்து நீ அவளுக்கு வலது பக்கம்தான். ரோட்டில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில். பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆர்.கே.பேட்டைக்குப் போனபோதுகூட, அந்த வீட்டுக்காரர் இடது பக்கத்து நாற்காலியைக் காட்டினார், நீ உட்காரவே இல்லை. அவர்கள் உன்னை மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் சிரிப்பு வராமல் இருக்க வெற்றிலையை வாய் நிறையப் போட்டுக்கொண்டேன். உள்ளே சிரிப்பாக இல்லை.

நீ போன அன்றைக்கு மழை விடவில்லை. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், வலது தோள் சுவரில் ஒட்டியிருந்தது. வந்த பெண்கள் எல்லோரும் இடது பக்கம் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். காதுக்குள் வாயை வைத்து என்னென்னவோ சொன்னார்கள். அவளுக்கு ஒரு வார்த்தையும் போய்ச் சேரவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். நடுநடுவே அவள் வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. நான் எழுந்து போய் அவளைக் கொஞ்சம் நகரச் சொல்லி, சுவருக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என் உடம்புக்கு அந்த இடம் பத்தாது. எப்படியோ நுழைந்தேன். "அம்மா" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பின பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நீலக் குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் சுருட்டி வைத்திருந்த இந்தச் சிவப்பு வலையை என்னிடம் நீட்டினாள். இதைப் பார்த்து எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான், அதனால் இது என்னிடம் இருக்கட்டும் என்றாள். நான் அந்தக் காதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தக் குளிர் ரூம்தானே கெடுத்தது என்று.

"இல்லண்ணா. இந்த எடது காது நான் சின்னப் புள்ளையா இருக்கச்சயே பூட்ச்சி. சீழு வச்சி, எதோ எலச்சாறு ஊத்துனாங்க, அத்தோட சரி. பொண்ணு பாக்க வந்தப்போ சொல்லிக்காதன்னு எங்கம்மா வாய மூடிட்டா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியென்றால் அந்தக் கார்த்திகையில் குத்தியது எது என்று கேட்டேன். அவள் வலது காதைத் தொட்டாள்.

"இதுதாண்ணா. இருக்கறதே இது ஒண்ணு. இதுவும் போயிடுமோன்னு பயந்து செத்தேன். இந்த வலைய நாலா மடிச்சி இதுக்கு அணை குடுத்தேன். அப்பால அவுரு நல்லதா பின்னிக் குடுத்தாரு. அதாலதான் இது தங்குச்சி."

நான் பேசாமல் இருந்தேன். நைனா, நான் பேசாமல் இருந்தேன் என்பதை நீ நம்ப வேண்டும்.

"அவுருக்குத் தெரியும்ணா. குட்டை கட்டிவுட்ட அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டாரு. ஆனா ஏமாத்திக் கட்டிக்கினியான்னு ஒரு வார்த்த கேக்கல. சண்ட வந்தப்பகூட சொல்லிக் காட்டல. அன்னிலேந்து இந்தப் பக்கமே நின்னாரு. எந்த மனுசன் இருப்பான் அப்டி, நீயே சொல்லு."

ஆமாம்மா, எவனும் இருக்க மாட்டான் என்றேன். அது ஒன்றும் மிகை இல்லை.

செய்தி இதுதான். அந்த ஓட்டை வழியாக எதுவும் போகவில்லை. நீ ஒரு காதைத் தொலைத்தவன் இல்லை, அவளுக்கு இருந்த ஒரே காதை இந்த உலகத்தில் நிறுத்தி வைத்தவன். மடவை மீன்கூடப் பிடிக்காது என்று நாங்கள் சிரித்த இந்த வலைதான் முதலில் அதைப் பிடித்து வைத்தது. நீ பேசியது, உன் பிள்ளைகள் பேசியது, பேரப்பிள்ளைகள் கத்தியது, நான் அளந்தது, எல்லாம் இத்தனை காலம் அந்த ஒரு வழியாகத்தான் அவளுக்குள் போனது. நீ கட்டிய அபராதம் முழுக்க, செய்யாத குற்றத்துக்கு. பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

நீ எதை நினைத்துக் குமைந்தாய் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தேன் என்பதற்காக இல்லை. நீ தெரிந்துகொண்டும் மன்னித்தாய் என்று அவள் நினைக்கிறாள். அந்த நினைப்பைத்தான் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இந்த மழைக்காலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு நூலை நான் இழுக்கவா? டீச்சர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா, அதில் முடிச்சே கிடையாது.

மாசத்துக்கு ஒருமுறை ரயில் ஏறிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன். வலது பக்கம் உட்காருகிறேன். நாற்காலி இல்லையென்றால் நின்றுகொண்டே பேசுகிறேன். பூனை ஊர்வலத்தை அவளுக்கும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தண்ணிய வடிச்சிட்டு சொல்லுண்ணா" என்றாள். உன் குரலே கேட்ட மாதிரி இருந்தது.

வடிக்க ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாத சோறு என்னிடம் ஒரு பிடிதான் இருக்கிறது, நைனா. அதை அவளுக்குப் பரிமாற மாட்டேன்.

உன் மச்சான்